பில் அனுப்பாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெங்களூர்ல தனி ரூமுக்கு மாறிட்டேன்னு நீ போன்ல சொன்னதுக்கு இது பதில். போன்லயே சொல்லிடலாம்தான். ஆனா நீ அழ ஆரம்பிச்சா எனக்கும் தொண்டை அடைச்சுக்குது. உடனே நைனா போனை வாங்கி "சாப்டியாம்மா"ன்னு கேட்டுட்டு வெச்சுடறாரு. சொல்ல வந்தது சொல்லாமலே நின்னுடுது. எழுதினா நீ நிதானமா படிக்கலாம். எனக்கும் பால்வாடியில இத்தனை வருஷம் ரிஜிஸ்டர் எழுதின கை, பேசறதைவிட எழுதறது வாகா வருது.

நாலு பேர் ஷேரிங்ல மாசம் 7,500. தனி ரூம் 14,000. "மிச்சம் 6,500 உங்களுக்கு வர வேண்டியதும்மா, அதை நான் தின்னுட்டேன், அடுத்த மாசமே திரும்ப ஷேரிங்குக்குப் போயிடறேன்"னு சொன்னே. போகாதே. இதை முதல்லயே சொல்லிடறேன், மீதியைப் படிச்சு முடிக்கற வரைக்கும் நீ தவிச்சுக்கிட்டு இருக்க வேணாம். அந்த ரூம்லயே இரு. 6,500 எங்களுக்கு வர வேண்டிய பணம் இல்ல. நீ சம்பாதிச்ச பணம்.

வீட்டுக் கணக்கு உனக்கு ஒழுங்கா தெரியாது. அதனாலதான் நீ அங்க ஒரு தோசை கூட சாப்பிட்டா இங்க ஒரு தட்டு காலியாயிடும்னு நெனைச்சுக்கறே. கணக்கைச் சொல்றேன், கேட்டுக்கோ. நைனா பட்டறையில இன்னும் அரை நாள் லேத் ஓட்டறாரு, 9,000 வருது. பி.எஃப். பென்ஷன் 2,300. எனக்கு அங்கன்வாடி பென்ஷன் வருது. தம்பி கைக்கு வர்றதுல 8,000 என்கிட்ட கொடுத்துடறான். வாடகை 6,500. ரேஷன் அரிசி இருக்கு. நைனாவோட பிரஷர் மாத்திரை அரசாங்க ஆஸ்பத்திரியிலயே கெடைக்குது. கரண்டு, கேஸ், மளிகை, மீன், காய்கறி, பால் எல்லாம் போக மாசக் கடைசியில ஒண்ணு ரெண்டாயிரம் நிக்குது. நீ அனுப்பற 10,000ல 4,000 ஏலச்சீட்டுக்குப் போகுது. மீதியில பெரும்பாதி போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.க்கு. உன் காசுலதான் நாங்க சாப்பிடறோம்னு யாராவது உன்கிட்ட சொல்லியிருந்தா அது நிஜம் இல்ல. யார் சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும், அதுக்கு அப்புறம் வர்றேன்.

படிப்புக் கடனையும் நீதானே கட்டினே. நாலு லட்சத்துக்குள்ள இருந்ததால பேங்க்ல சொத்து ஜாமீன் கேட்கல. நீ வேலைக்குப் போனதுல இருந்து ஒரு தவணை தவறாம கட்டி, போன தை மாசம் முடிச்சே. பேங்க் கொடுத்த அந்தக் காகிதம் பீரோவுல நைனாவோட ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டுக்குப் பக்கத்துல இருக்கு. அடமானத்துல இருந்த என் வளையலும் வந்துடுச்சு. இப்ப இந்த வீட்டு மேல யாருக்கும் கடன் பாக்கி இல்ல.

ஆனா நீ இன்னும் கட்டிக்கிட்டே இருக்கே.

காலேஜ் முதல் வருஷம் உன் பீஸுக்கு நாங்க தண்டல் வாங்கினது உனக்கு நல்லா நினைவிருக்கும். 10,000 கேட்டா கையில 8,500தான் வரும், 1,500 முதல்லயே பிடிச்சுக்குவாங்க. அப்புறம் 100 நாளைக்குத் தினம் 100 ரூபா. சாயங்காலமானா தண்டல்காரர் வண்டியில வந்து வாசல்ல நிப்பாரு, பணத்தை வாங்கிட்டு அட்டையில தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவாரு. நம்ம பக்கத்துல யார் வீட்டுல அந்த அட்டை இல்ல? மீன் விக்கறவங்க, இட்லிக் கடைக்காரங்க, பூக்கட்டறவங்க, எல்லார் வீட்டு ஜன்னல் கம்பியிலயும் சொருகி இருக்கும். காய்ச்சல்னாலும் 100 ரூபா, மழைன்னாலும் 100 ரூபா, கடலுக்குப் போகாத நாள்னாலும் 100 ரூபா. ஒரு நாள் விட்டா மறுநாள் 200. ஒண்ணே ஒண்ணுதான் அதுல நல்லது. நூறாவது நாள் அந்த அட்டையைக் கிழிச்சுப் போட்டுடலாம்.

உன்கிட்டயும் ஒரு தண்டல் அட்டை இருக்கு பாப்பா. அதுல நூறாவது நாளே கெடையாது. ஷூ வாங்கினா அதுல ஒரு கோடு, ஸ்வெட்டர் வாங்கினா ஒரு கோடு, லீவு நாள்ல மதியம் வரைக்கும் தூங்கினா அதுக்கும் ஒரு கோடு. நீ எனக்கு வாட்ஸாப்ல அனுப்பற பில்லுங்களைத்தான் சொல்றேன். "அம்மா, ஷூ 2,400, ஆனா நாள் முழுக்க நின்னு வேலை பாக்கறதால கால் வலிக்குது, பழசு கிழிஞ்சுடுச்சு, ஆஃபர்லதான் வாங்கினேன்." "அம்மா, மெத்தை 5,200, முதுகுக்கு நல்லதுன்னு சொன்னாங்க." ஒவ்வொரு படத்துக்கும் கீழ ஒரு சமாதானம். நான் கேட்டேனா? நைனா கேட்டாரா? சாயங்காலம் வாசல்ல வந்து நிக்கற ஆளுக்குக் கணக்கு கொடுக்கற பழக்கம் உனக்கு எங்கேயோ ஒட்டிக்கிச்சு.

எங்க ஒட்டுச்சுன்னும் எனக்குத் தெரியும். தண்டல்காரர் வரும்போது நீ கதவுக்குப் பின்னாடி நிப்பே. அப்பவே நீ பெரிய பொண்ணு, எதுவும் சொல்ல மாட்டே. நைனா சட்டைப் பையைத் தடவறது, நான் அஞ்சறைப்பெட்டியில சில்லறை தேடறது, அவர் போனதும் நாங்க ரெண்டு பேரும் விடற மூச்சு, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நிப்பே. தம்பியும் அதே வீட்டுல, அதே கதவுக்குள்ளதான் இருந்தான். அவனைக் கேட்டுப் பாரேன், தண்டல்னா இன்னாம்மான்னுவான். அவனுக்கு நம்ம மேல பாசம் இல்லாம இல்ல. அவன் காதுல அது விழல, உன் காதுல விழுந்துச்சு. விழுந்தது அப்படியே தங்கிடுச்சு.

உன் காது பிறந்ததுல இருந்தே அப்படி. அகஸ்தியா தியேட்டருக்கு உன்னைக் கூட்டிட்டுப் போனா சண்டைக் காட்சியில ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு என் மடியில முகத்தைப் புதைச்சுக்குவே. இடைவேளையில வெளிய வந்து நானும் நீயும் படிக்கட்டுல உக்காந்து முறுக்கு தின்னுவோம், நைனாவும் தம்பியும் முழுப் படத்தையும் பாத்துட்டு வருவாங்க. எனக்கு அதுல ஒரு குறையும் இருந்தது இல்ல. 2020ல அந்தத் தியேட்டரையே மூடிட்டாங்க. மூடினதுக்கும் நீ அழுதே, எனக்குச் சிரிப்பு வரல, உனக்கு அது இன்னான்னு எனக்குப் புரிஞ்சுது.

ராத்திரி எக்ஸ்பிரஸ் ரோடுல துறைமுகத்துக்குப் போற டிரெய்லர் லாரிங்க வரிசையா நின்னு ஹாரன் அடிக்கும். ஊரே தூங்கும், நீ மட்டும் கண்ணைத் திறந்து படுத்திருப்பே. ஒரே ரூம்ல ஆயாவோட சேத்து அஞ்சு பேர். ஆயா குறட்டை, பக்கத்து வீட்டு டி.வி., மாடிப்படியில யாரோ போடற சண்டை. உனக்குன்னு ஒரு சுவர் மறைவு கூட அந்த வீட்டுல கெடையாது. அதனால மதிய நேரத்துல திருவொத்தியூர் கோயிலுக்குப் போலாம்மான்னு நச்சரிப்பே. சாமி கும்பிட இல்லன்னு எனக்குத் தெரியும். நடை சாத்தற நேரத்துல அந்தப் பிராகாரத்துல ஆள் இருக்காது, கல்லு குளுகுளுன்னு இருக்கும், நீ தூணோரமா பேசாம உக்காந்திருப்பே. திரும்பி வரும்போது உன் முகமே வேற. அந்தக் கோயில்ல உனக்குச் சும்மா கெடைச்சதை இப்ப பெங்களூர்ல 6,500 கொடுத்து வாங்கறே. அவ்வளவுதான் நடந்திருக்கு.

இப்ப அத்தை விஷயம். "தொட்டாச்சிணுங்கி, இவளை எந்த வீட்டுல குடுத்தாலும் ரெண்டு நாள் தாங்க மாட்டா"ன்னு உன் சின்ன வயசுலயே சொல்லுவாங்க. இப்ப "தனி ரூமாம், மகாராணி"ன்னு சொல்றாங்களாம். அவங்களும் கஷ்டத்துல வளந்தவங்க, அழுதா அடி வாங்கின வீட்டுல வளந்தவங்க. அதனால அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா அவங்க பேச்சை நீ மனசுல வாங்கிக்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு மேல அவங்க போன் வந்தா எடுக்காதே. காலையில பேசறேன் அத்தைன்னு ஒரு மெசேஜ் போட்டுட்டுப் படு. மரியாதைக்கு அது போதும்.

உன்னை மாதிரிப் புள்ளைங்களை நான் எத்தனை பாத்திருக்கேன்! என் மையத்துல எந்த வருஷமும் இருபத்தஞ்சு குழந்தைங்களாவது இருக்கும். அதுல நாலு அஞ்சு எப்பவும் இப்படித்தான். வேற குழந்தை கீழ விழுந்தா இது அழும். எடை போடற தராசுத் தொட்டில்ல உக்கார வெச்சா மத்ததுங்க ஊஞ்சல்னு சிரிக்கும், இது என் புடவையைக் கெட்டியா பிடிச்சுக்கும். முட்டை வேகற வாசம் கொஞ்சம் மாறினாலும் இதுதான் முதல்ல சொல்லும். நான் வீட்டுல ஏதாவது மனசு கஷ்டத்தோட வந்திருந்தா, மையத்துல ஹெல்பரா இருந்த ஆயாம்மாவுக்குக் கூடத் தெரியாது, இந்த நாலு அஞ்சும் வந்து என் பக்கத்துல உக்காந்துக்கும். புது விளையாட்டு ஆரம்பிச்சா உடனே வராது. ஓரமா நின்னு முழுசா பாக்கும். பாத்து முடிச்சப்புறம் வந்தா மத்த எல்லாரையும்விட நல்லா ஆடும்.

இந்தக் குழந்தைங்ககிட்ட இருந்து நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். அழற குழந்தைகிட்ட ஏன் அழறேன்னு கேட்கக் கூடாது. கேட்டா அது காரணத்தைத் தேட ஆரம்பிக்கும். காரணம் கெடைக்கலைன்னா, காரணம் இல்லாம அழறோமேன்னு அதுக்கு இன்னும் அழுகை வரும். சும்மா பக்கத்துல உக்காந்து, தண்ணி கொடுத்து, வயித்துக்கு ஏதாவது கொடுத்தா போதும். பாதி அழுகை பசியிலயும் தூக்கத்துலயும் இருக்கும், மீதி தானா அடங்கும். நீ உன்கிட்டயே இருபத்தொன்பது வயசுலயும் ஏன் அழறேன்னு கேட்டுக்கிட்டு இருக்கே. கேட்காதே. தண்ணி குடி, எதையாவது சாப்பிடு, படு.

அமெரிக்காவுல எலைன் ஏரன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 1990கள்ல இருந்து இதைப் பத்தி எழுதறாங்கன்னு உன் கவுன்சிலிங் மேடம் சொன்னதா நீயே சொன்னே. நூத்துல பதினஞ்சுல இருந்து இருபது பேர் இப்படிப் பிறக்கறாங்க, இது நோய் இல்ல, ஆம்பளை பொம்பளை வித்தியாசமும் இல்லன்னு. கேட்டதும் எனக்கு ஒரு சந்தோஷம். இருபத்தஞ்சுல நாலு அஞ்சுன்னா அதே கணக்குத்தானே. தண்டையார்பேட்டை பால்வாடியில நான் கண்ணால பாத்ததைத்தான் அந்த அம்மாவும் அங்க உக்காந்து எண்ணியிருக்காங்க.

அந்த கவுன்சிலிங்குக்குக் கொடுக்கற 1,200க்கும் நீ பில் அனுப்பினே. "பேசறதுக்குக் காசு கொடுக்கறேன்மா"ன்னு வெக்கப்பட்டே. நம்ம தெருவுல மனசு சரியில்லன்னு ஒருத்தர் டாக்டர்கிட்ட போனாலே கீழ்ப்பாக்கம்னு சொல்லிடுவாங்க, அந்தப் பயம் உனக்கும் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாரு, மனசுக்குன்னு செலவு பண்றது நம்ம வீட்டுக்குப் புதுசா? நீ ராத்திரி வீரிட்டு அழுதப்ப ஆயா உன்னைத் தர்கா வாசலுக்குத் தூக்கிட்டுப் போய் மந்திரிச்சாங்க. தாயத்து கட்டினாங்க. ஆடி மாசமானா வேப்பிலை அடிச்சாங்க. ஒவ்வொண்ணுக்கும் முந்தானையில முடிஞ்சு வெச்ச காசை அவிழ்த்துக் கொடுத்தாங்க, ஒரு நாளும் கணக்குப் பாக்கல. ஆயா உனக்காகப் பண்ணினதை இப்ப நீயே உனக்குப் பண்ணிக்கறே. தொடர்ந்து போ. என்னைக்காவது ராத்திரியில ரொம்ப முடியலைன்னு தோணி, அந்த மேடம் போனை எடுக்கலைன்னா 14416க்குப் போன் பண்ணு, டெலி மானஸ். அது அரசாங்கத்தோட இலவச உதவி எண், எந்த நேரமும் ஆள் இருப்பாங்க, தமிழ்லயும் பேசுவாங்க. அதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடலாமான்னு யோசிச்சா, ரெண்டு பேரையும் கூப்பிடு.

இன்னொண்ணு சொல்லணும், அது கொஞ்சம் கஷ்டமான விஷயம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் பரவினப்ப நீ இங்கதான் இருந்தே. றெக்கை முழுக்க எண்ணெய் ஒட்டிக்கிட்டு நின்ன கூழைக்கடாவை டி.வி.யில பாத்துட்டு அன்னைக்கு நீ சோறே தின்னல. மறுநாள் காட்டுக்குப்பத்துல வலையும் படகும் வீணாப்போய், தொழில் இல்லாம நிக்கற ஜனங்களைக் காட்டினாங்க. அப்ப உனக்கு வேற அழுகை. மனுஷங்களுக்கு முன்னாடி பறவைக்கு அழுதுட்டேனே, நான் இன்னா ஜென்மம்னு. கையில இருந்த 2,000ஐ அந்தப் பக்கம் அரிசி வாங்கிக் கொடுத்தவங்ககிட்ட கொடுத்தப்புறம்தான் உனக்கு மூச்சு வந்துச்சு.

நீ கொடுத்தது நல்லது. ஆனா கொடுத்ததாலதான் நீ அழுதது செல்லும்னு நெனைச்சே பாரு, அங்கதான் எனக்கு வலிக்குது. உன் அழுகையால யாருக்காவது பிரயோஜனம் இருந்தாத்தான் நீ அழலாம்னு எந்தச் சட்டத்துல இருக்கு? வள்ளலார் நம்ம பக்கத்து ஆளு. ஏழுகிணறுல இருந்து ஒத்தியூருக்கு நடந்தே வந்து கும்பிட்டவரு. வாடின பயிரைப் பாத்தப்பல்லாம் தானும் வாடினேன்னு சொன்னவரு. 1867ல வடலூர்ல தருமசாலை கட்டினாரு, அந்த அடுப்பு இன்னைக்கும் அணையாம எரியுது, எல்லாரும் அதைச் சொல்லித்தான் அவரைப் பெருமையா பேசுவாங்க. நான் அடுப்பைப் பத்திப் பேசல. அடுப்பு மூட்டறதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடி, இந்த ஊர்த் தெருவுல நடந்து போன ஒரு சின்னப் பையனோட மனசைப் பத்திப் பேசறேன். அப்ப அவர்கிட்ட அடுப்பும் இல்ல, அரிசியும் இல்ல. மனசு மட்டும்தான் இருந்துச்சு. அன்னைக்கும் அந்த மனசு முழுசாத்தான் இருந்துச்சு.

செலவும் அப்படித்தான். தனி ரூம்ல இருந்தா நல்லா தூங்குவேன், நல்லா தூங்கினா வேலை நல்லா பாப்பேன், வேலை நல்லா பாத்தா சம்பளம் ஏறும், சம்பளம் ஏறினா உங்களுக்கு நெறைய அனுப்புவேன்னு ஒரு ரயில் நீளத்துக்குச் சொன்னே. உனக்கு அந்த ரூம் பிடிச்சிருக்கு. அது போதும் பாப்பா. மீதி எதுவும் எனக்குச் சொல்ல வேணாம்.

எதிர்வீட்டு அக்காவைப் பத்தி உனக்குச் சொல்லணும்னு ரொம்ப நாளா இருக்கேன். 2023 செப்டம்பர்ல மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபா முதல் தடவை வந்தப்ப நம்ம தெருவே அதைப் பத்தித்தான் பேசிச்சு. யார் யார் இன்னா பண்ணாங்கன்னா, ஒருத்தங்க கேஸ் வாங்கினாங்க, ஒருத்தங்க டியூஷன் பாக்கி கட்டினாங்க, ஒருத்தங்க அப்படியே தண்டல்காரர் கையில கொடுத்தாங்க. எதிர்வீட்டு அக்கா மட்டும் செருப்பு வாங்கினாங்க. காசிமேட்டுல விடியறதுக்கு முன்னாடி ஏலத்துக்குப் போய், ஐஸ் தண்ணியிலயும் மீன் தண்ணியிலயும் நின்னு நின்னு அவங்க குதிகால் ரெண்டும் பாளம் பாளமா வெடிச்சிருக்கும். எம்.சி. ரோடு பக்கம் போய் மெத்துனு ஒரு எம்.சி.ஆர். செருப்பு 650 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தாங்க. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் "டாக்டர் சொன்னாருமே, இல்லாங்காட்டி இன்னாத்துக்கு வாங்கறேன்"னு சொல்லிக்கினே இருந்தாங்க. எந்த டாக்டரும் சொல்லல. எனக்குத் தெரியும், அவங்க எந்த டாக்டர்கிட்டயும் போகல.

அன்னைக்கு ராத்திரி முழுக்க அதையே நெனைச்சுக்கிட்டு இருந்தேன். நம்ம பொம்பளைங்களுக்குத் தனக்குன்னு ஒண்ணு வாங்கிக்க நோய் வரணும். நோய் வந்தா ஆரஞ்சுப் பழம் தின்னலாம், ஹார்லிக்ஸ் குடிக்கலாம், ஆட்டோவுல போலாம், மதியம் படுக்கலாம். உடம்பு நல்லா இருக்கும்போது இதுல ஒண்ணைச் செஞ்சாலும் திமிரு. உன் ஷூவுக்குக் கால் வலி, உன் மெத்தைக்கு முதுகு வலி, உன் ரூமுக்குத் தலைவலி. நீ படிச்ச பொண்ணு, பிசியோதெரபிஸ்ட்டு, ஆனா எதிர்வீட்டு அக்கா சொன்ன அதே பொய்யைத்தான் நீயும் சொல்றே. வலி இல்லாமலே நல்ல ஷூ போட்டுக்கலாம். வலிக்காத முதுகுக்கும் மெத்தை போட்டுக்கலாம். அது தப்பில்லன்னு உனக்குத் தெரியணும், அதுக்குத்தான் இத்தனை பக்கம் எழுதறேன்.

நானும் எனக்குன்னு செலவு பண்றேன், தெரிஞ்சுக்கோ. மாசம் ஒரு தடவை பழைய டீச்சரும் நானும் கட்டணமில்லாத பஸ்ஸுல பீச் ஸ்டேஷன் வரைக்கும் போய், செகண்ட் லைன் பீச் ரோடுல அத்தோ சாப்பிடறோம். பர்மாவுல இருந்து 1960கள்ல திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டு வந்த சாப்பாடு. பூண்டு வறுவலைத் தூக்கலா போடச் சொல்லி, வாழைத்தண்டு சூப்பு ரெண்டு தடவை வாங்கிக் குடிச்சு, மீதிக் காசுக்கு மல்லிப்பூ வாங்கி வெச்சுக்கிட்டு வருவோம். வீட்டுக்கு நாலு முட்டை பேஜோ பார்சல் கட்டினா கட்டுவேன், கட்டலைன்னா இல்ல. நைனா ஒரு வார்த்தை கேட்டதில்ல. "காரமா இருந்துச்சா"ன்னு மட்டும் கேப்பாரு.

அதுக்காகக் கண்ணை மூடிக்கிட்டு செலவு பண்ணுன்னு நான் சொல்லல. கிரெடிட் கார்டுல மெத்தை வாங்காதே, கையில இருக்கற காசுல வாங்கு. போன்ல வர்ற கடன் ஆப் பக்கமே போகாதே, தண்டல்காரராவது வாசலோட நிப்பாரு. மூணு மாச வாடகையும் சாப்பாட்டுக் காசும் தனியா ஒரு கணக்குல இருக்கட்டும். அது இருந்தா யார்கிட்டயும் கை நீட்ட வேணாம், பிடிக்காத வேலையில பயந்து உக்காந்திருக்கவும் வேணாம். அதுக்கு மேல இருக்கறது உன் இஷ்டம்.

அதனால இந்த மாசத்துல இருந்து 10,000 அனுப்பாதே, 4,000 அனுப்பு, சீட்டுக்கு அது போதும். சீட்டு முடிஞ்சதும் அதையும் நிறுத்திக்கலாமான்னு பேசுவோம். ஆர்.டி.யைத் தம்பி கட்டறேன்னு சொல்லிட்டான், அவனே வாயைத் திறந்து சொன்னான், நான் கேட்கல. நைனாகிட்டயும் பேசிட்டேன். அவருக்கு இதுல எந்த வருத்தமும் இல்ல, ரூம்ல காத்து வருதா, தண்ணி வருதான்னுதான் கேட்டாரு. இனிமே போன்ல எனக்குப் படம் அனுப்பினா ஷூ போட்ட காலைப் படம் எடுத்து அனுப்பு, விலைச் சீட்டை அனுப்பாதே.

அந்த ரூம் ஜன்னல் ரோட்டைப் பாத்து இருக்குன்னு சொன்னியே. கனமான துணியில திரை போட்டா சத்தமும் வெளிச்சமும் கொஞ்சம் குறையும். எம்.சி. ரோடுல நல்லதா பாத்து நானே தெச்சு அனுப்பறேன், ஜன்னலோட நீளம் அகலம் அளந்து சொல்லு, கம்பி போட இடம் இருக்கான்னும் பாரு. ஃபேன் சுத்தும்போது டக்கு டக்குன்னு சத்தம் வருதான்னு நைனா கேக்கறாரு. வந்தா பேரிங் தேஞ்சிருக்கும், மாடல் நம்பரைப் பாத்து அனுப்பு, பொங்கலுக்கு நீ வரும்போது வாங்கி வெச்சிருப்பாரு. நெத்திலிக் கருவாடு வேணுமா வேணாமான்னும் சொல்லிடு, தனி ரூம்தானே, வறுத்தா யாரும் மூக்கைப் பிடிக்க மாட்டாங்க.

அம்மா
தண்டையார்பேட்டை